ஆறாவது இலை

அந்தத் தேயிலைக் கிடங்குக்கு ஏறும் படிகள் இருபத்திரண்டு. எண்ணிச் சொன்னவர் தராசு அக்கா. மூச்சு வாங்காமல் ஏறிய காலத்தில் அவர் படிகளை எண்ணியதில்லை. எண்ணத் தொடங்கிய பிறகுதான் அவர் உடம்பில் ஏதோ சரியில்லை என்று எங்களுக்கு உறைத்தது.

முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கீழே ஒரு பூட்டுக் கடை. மேலே இரண்டு அறைகள். பெரிய அறையில் நீள மேஜையைச் சுற்றி ஒன்பது பெண்கள் உட்கார்ந்து தேயிலையை நிறுத்து, பெட்டியில் கொட்டி, வாய் ஒட்டி அடுக்குவார்கள். சின்ன அறையில் முதலாளியும் நானும். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் வாசனைச் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தால்கூட முதலாளி மூக்கைச் சுளிப்பார். சாப்பாட்டு டப்பாவை உள்ளே திறக்கவே கூடாது. மதியம் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போவோம். அங்கே ஒரு தகரக் கூரை, அதன் கீழே இரண்டு பலகை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. இன்றைக்கும் வெயிலில் காய்ந்த தகரத்தின் வாடை எங்காவது வந்தால் எனக்குப் பசிக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெட்டிக்கு எழுதுவது என் வேலை. கடிதம் எழுதுவேன், சரக்கு போகும் இடங்களுக்கு விலாசம் எழுதுவேன். ஆனால் பெட்டியின் மேல் அச்சாகும் வாசகம்தான் முக்கியமான வேலை. "கமகமக்கும் சுவை", "கடைசிச் சொட்டு வரை புத்துணர்ச்சி" இப்படி. மேஜைப் பெண்கள் எனக்கு வைத்த பெயர் பெட்டிப் புலவர்.

சேர்ந்த முதல் வாரம் நான் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். எட்டாவது நாள் தராசு அக்கா படியிறங்கி வந்து என் டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு நடந்தார். டப்பாவின் பின்னால் நானும் போனேன். பலகையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

தராசு அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவர் கையால். நூறு கிராம் என்றால் கையால் அள்ளிப் போடுவார். தராசில் வைத்தால் முள் நூறில் நிற்கும். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. அச்சில் வந்த எதன் மேலும் அவருக்கு மரியாதை உண்டு. பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படித்த பிறகுதான் கசக்குவார்.

அந்த வருஷம் முதலாளி பச்சைத் தேயிலை விற்பது என்று முடிவு செய்தார். அதுவரை எங்களுக்குத் தெரிந்தது கறுப்புத் தேயிலைதான். முதல் மூட்டை வந்த அன்று மாடியில் ஒரு பானை போட்டார்கள். மேஜையிலேயே அதிகம் பேசும் பெண்ணுக்கு வானொலி என்று பெயர். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி, சாமி வந்துருச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வைக்கோல் கழுவின தண்ணிக்கா இது! மாடு பாத்தா நம்மள மதிக்காது."

"குடிச்சுப் பழகணும். ஒடம்புக்கு அவ்வளவு நல்லதாம்" என்றார் முதலாளி. அவர் உண்மையாகவே நம்பினார். தினமும் ஐந்து முறை சர்க்கரை அள்ளிப் போட்டுப் பால் டீ குடித்தவர், அதை விட்டுவிட்டு இதற்கு மாறியிருந்தார். தொந்தி கொஞ்சம் இறங்கியிருந்தது. பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையை எல்லோருக்கும் காட்டுவார்.

பெட்டிக்கு நான்கு பக்கம். ஒன்றில் பெயர், ஒன்றில் படம், ஒன்றில் தயாரிக்கும் முறை. நான்காவது பக்கத்தில் நன்மைகள். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த இரண்டு கட்டுரைகளை முதலாளி என்னிடம் கொடுத்தார். முதல் கட்டுரையை முழுதாகப் படித்தேன். இரண்டாவதை முக்கால்வாசி படித்தேன். இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம், கெட்ட கொழுப்பு சற்றுக் குறையலாம், மனம் விழிப்பாக இருக்க உதவலாம் என்று அவர்கள் அடக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும், அளவு மீறினால் தூக்கம் கெடும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

"இதெல்லாம் பெட்டில எதுக்கு? நாம என்ன மாத்திரையா விக்கிறோம்?" என்றார் முதலாளி.

நானும் விட்டுவிட்டேன். நன்மைகளை ஐந்து வரியில் எழுதினேன். 'லாம்' என்று இருந்த இடமெல்லாம் என் கையில் 'ம்' ஆகிவிட்டது. குறைக்கலாம் என்பதைவிடக் குறைக்கும் என்பது பெட்டியில் எடுப்பாக இருந்தது.

மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. படம் வரைபவர் ஒவ்வொரு நன்மைக்கும் முன்னால் ஒரு சின்னத் தேயிலை வரைந்திருந்தார். அழகுக்காக இலைகளை மூன்று மூன்றாக இரண்டு வரிசையாக வைத்திருந்தார். ஆக இலை ஆறு, நன்மை ஐந்து. அச்சகத்து ஆள் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். அச்சு அன்றைக்கே ஏற வேண்டும்.

"அட, அந்த எலைக்கு ஏதாவது ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி" என்றார் முதலாளி.

நான் மேஜை மேல் குனிந்து, அரை நிமிஷத்தில் எழுதினேன்: "உணவு உண்ட கையோடு ஒரு கோப்பை அருந்த, உணவின் சத்து முழுவதும் உடலில் சேரும்."

இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. படிக்கவும் நன்றாக இருந்தது. அந்த வரி எந்தக் கட்டுரையிலும் இல்லை. சாப்பிட்ட பிறகு டீ குடித்தால் எனக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான் ஆதாரம். நான் காலையும் மாலையும் கடவுளை நினைக்காமல் இருந்ததில்லை. பொய் சொல்லக் கூசுகிறவன் என்றுதான் என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். அதை எழுதும்போது கை கூசவே இல்லை.

புதுப் பெட்டி வந்த மதியம், தராசு அக்கா அதை மாடிக்கு எடுத்து வந்து நான்காம் பக்கத்தை உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் என்னைப் பார்த்தார். "நம்ம தம்பி எழுதினது. எவ்வளவு விஷயம் படிச்சு எழுதியிருக்காரு பாருங்க!" எனக்குக் காது சூடானது. கூச்சம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து மாடியில் பச்சைத் தேயிலை வழக்கமானது. வானொலி இளைக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு எட்டு கோப்பை குடித்தாள். இரண்டாவது வாரம் கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு வந்தாள்.

"எடை கொறைஞ்சுதா?"

"எங்க! தூக்கம்தான் கொறைஞ்சுது. ராத்திரி முழுக்க உக்காந்து எங்க வீட்டுக்காரர் கொறட்டையை எண்ணிக்கிட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். அவள் இரண்டு கோப்பையாகக் குறைத்துக்கொண்டாள்; தூக்கமும் திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது. நான் கவனிக்கவில்லை.

தராசு அக்கா அளவோடுதான் குடித்தார். மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை. கூடவே ஒரு சிவப்பு மாத்திரை.

"என்னக்கா மாத்திரை?"

"இரும்புச் சத்து தம்பி. வயித்துல ஒரு கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்தம் பத்தலையாம். பத்துக்கு மேல வந்தாத்தான் கத்திய வைப்பாங்களாம். எனக்கு எட்டு இருக்கு." குரலைத் தாழ்த்தி, வேறு யாரும் கேட்காதபடி சொன்னார். அந்தக் காலத்தில் பெண்கள் இப்படிப்பட்டதை ஆண்களிடம் இவ்வளவு சொல்வதே பெரிது. பிறகு கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "அதான் மாத்திரைய இதோட போடுறேன். சத்து முழுசும் சேருமில்ல? நல்லவேளை நீங்க எழுதினீங்க."

நான் தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டினேன்.

முதல் மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனார். எட்டு எட்டாகவே இருந்தது. ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. இரண்டாவது மாதம் ஏழு புள்ளி எட்டு. மறுபடியும் தள்ளிப்போனது. ஒவ்வொரு மாதமும் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இரத்தப்போக்கு இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். படிகளை எண்ணத் தொடங்கியது அப்போதுதான். பதினொன்றாவது படியில் நின்று, பூட்டுக் கடைக்காரரிடம் ஏதோ பேசுவதுபோல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். நகங்கள் காகிதம்போல் வெளுத்திருந்தன. ஒரு நாள் அவர் அள்ளிப் போட்டதில் முள் தொண்ணூற்று மூன்றில் நின்றது. அவர் இன்னொரு சிட்டிகை போட்டுவிட்டு, "இந்த எலை லேசு, கை ஏமாந்துபோகுது" என்றார்.

மூன்றாவது மாதம் டாக்டரம்மா திட்டிவிட்டார். மாடியில், எல்லோரும் கீழே போன பிறகு, தராசு அக்கா என்னிடம் சொன்னார். "மாத்திரைய முழுங்குறியா, இல்ல ஜன்னல் வழியா எறியிறியான்னு கேக்குறாங்க தம்பி. அத்தனை பேர் முன்னாடி. நான் ஒரு நாள் விட்டதில்ல. இனிமே அடுத்தவங்க ரத்தம்தான் ஏத்தணுமாம். அதுக்கும் ஆள் கொண்டு வரணுமாம். அவரு பாதி நாள் ரோட்டுல. நான் யாரைப் போய்க் கேப்பேன்?" சொல்லிவிட்டுக் கோப்பையில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு மாத்திரை வாங்கப் போக வேண்டும் என்றார். தலை சுற்றுகிறது, துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

மருந்தகத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்தவர் தடிக் கண்ணாடி போட்ட, சிடுசிடுப்பான மனிதர். சீட்டை வாங்கினார், புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார். வரிசையில் பின்னால் ஆள் நிற்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"மூணு மாசமா இதே மாத்திரையா? ஏறவே இல்லியே. எப்ப சாப்பிடுறீங்க?"

"மத்தியானம், சாப்பிட்ட ஒடனே."

"தண்ணியிலதான?"

"இல்லீங்க. கிரீன் டீயில." தராசு அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. பையைத் துழாவி, வீட்டுக்கு எடுத்துப்போகும் பெட்டியை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். "சத்து முழுசும் சேரும்னு இதுலயே போட்டிருக்கு பாருங்க."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நான்காம் பக்கத்தைப் படித்தார். ஒவ்வொரு இலையாக இறங்கி ஆறாவதில் நின்றார்.

"எந்த மடையன் எழுதினான் இத?"

தராசு அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் படிப்பவர். அதையும் படித்துவிட்டார். பிறகு கம்பியின் பக்கம் திரும்பினார்.

"அச்சடிக்கிற எடத்துல ஏதாவது தப்பு நடந்திருக்கும்ங்க" என்றார்.

"என்ன தப்போ! அப்படியே தலைகீழா போட்டு வச்சிருக்கான். டீயில இருக்கிற துவர்ப்பு இரும்புச் சத்தைப் பிடிச்சுக்கும்மா. ஒடம்புல சேர விடாது. நீங்க முழுங்கின மாத்திரைல பெரும்பகுதி வீணாப் போயிருக்கும். ஏற்கெனவே ரத்தம் போயிக்கிட்டிருக்கிற ஒடம்பு வேற." பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "டீ மேல தப்பில்ல. நல்ல பானம்தான். சர்க்கரைத் தண்ணிய குடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிங்க. மாத்திரைய எலுமிச்சம்பழத் தண்ணியில போடுங்க. நான் டாக்டரம்மாகிட்டயும் சொல்றேன். ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்."

பேருந்தில் ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்தார், பக்கத்தில் நான். ஐந்தாவது நிறுத்தத்தில் நான் சொன்னேன். இலை ஆறு இருந்தது, நன்மை ஐந்துதான் இருந்தது, அச்சகத்து ஆள் நின்றான், அரை நிமிஷத்தில் எழுதினேன், எங்கும் படித்ததல்ல என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான காரணம் என்பது எனக்கே கேட்டது.

"மூணு மாசம்" என்றார் அக்கா. ஜன்னலைப் பார்த்தபடிதான். "மூணு மாசம்டா."

அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்வார். அன்றைக்கு முதல்முறையாக ஒருமையில் பேசினார். அது கோபமா, உரிமையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "மத்த அஞ்சு வரியாவது நெசமா?" என்று கேட்டார்.

"நெசம்தான்க்கா. ஆனா அவங்க 'இருக்கலாம்'னு எழுதியிருந்தாங்க. நான் 'இருக்கும்'னு எழுதிட்டேன்."

"சரி. இந்தப் பெட்டி எவ்வளவு வெளிய போயிருக்கு?"

"ரெண்டாயிரம் இருக்கும்."

"என்னை மாதிரி படிக்கிறவ அதுல ஒருத்தியாவது இருப்பாளா, மாட்டாளா?"

அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு மொதலாளிகிட்ட நீ போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றார்.

வீட்டுக்குப் போனதும் அந்த இரண்டு கட்டுரைகளையும் எடுத்தேன். இரண்டாவதன் கடைசிப் பகுதி மடிந்து உள்ளே போயிருந்தது. விரித்தேன். இருந்தது. இரும்புச் சத்து குறைவாக உள்ளவர்கள் உணவோடு இதைக் குடிக்க வேண்டாம் என்று, நான் படிக்காமல் விட்ட கால்வாசியில், தெளிவாக இருந்தது. வழக்கம்போலக் கண்ணை மூடிக் கைகூப்பினேன். கடவுளின் முகம் வரவில்லை. ஆறு இலைகள் வரிசையாக வந்தன. அக்காவுக்கு இரத்தம் ஏற வேண்டும் என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது. நான் அச்சடித்ததைக் கடவுள் அழித்துக் கொடுக்க வேண்டுமா என்ன?

மறுநாள் முதலாளி நான் சொன்னதைக் கேட்டு, நாற்காலியில் இருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"இத நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரியப் போகுது? பெட்டிய யாருய்யா படிக்கிறா?"

"தராசு அக்கா படிச்சாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மேஜையில் பதினேழு வருஷமாக இருந்தவர் அக்கா. முதலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளிக்கும் அவர் அக்காதான். "அவங்களுக்கா?" என்றார். கொஞ்ச நேரம் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அந்த எலைக்கு ஏதாவது போடுன்னு சொன்னது நானில்ல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஆறாயிரம் பெட்டிகள் இன்னும் மடிக்காமல் தட்டையாக அடுக்கில் இருந்தன. திங்கட்கிழமை லாரி. புதிதாக அச்சடிக்க நேரமில்லை. ஆறாவது வரியின் மேல் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டு அடிப்பது என்று முடிவானது. அதில் என்ன எழுதுவது என்பதை நான் முதலில் மருந்தகத்துக் கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நான்தான் அந்த மடையன் என்பதையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு சொல்லை அடித்துத் திருத்தினார். "இப்ப போடுங்க" என்றார். கடைசியில் சீட்டில் வந்தது இது: "சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரத்தச் சோகை உள்ளவர்களும், மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள்." ஆறாவது இலையின் அளவுக்குள் அடக்க எழுத்து மிகவும் சின்னதாகிவிட்டது. கண்ணுக்கு அழகாக இல்லை. நான் எழுதியதிலேயே எனக்கு இன்றும் பிடித்த வாசகம் அதுதான்.

கோந்து வாசனை தேயிலையில் ஏறிவிடும் என்பதால் மாடியில்தான் ஒட்ட வேண்டும். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஒன்பது பெண்களும் ஒட்டினார்கள். ஒரு கையில் சோறு, ஒரு கையில் சீட்டு. காற்று அடித்தால் சீட்டுகள் தகரக் கூரை வரை பறக்கும். பிடிக்கச் சொல்லி வானொலி கத்துவாள்.

"ஏன்க்கா, இந்த வரிக்கு என்ன கேடு? நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டாள் அவள்.

"தப்பா இருக்கு, மாத்துறோம். நீ கோந்த சிந்தாம ஒட்டு" என்றார் தராசு அக்கா.

"யாரு பண்ணின தப்பாம்?"

"ஏன், தெரிஞ்சா அவனுக்கு ஒரு சீட்டு ஒட்டப் போறியா? வேலையப் பாரு."

நான் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். தராசு அக்கா தலையை நிமிர்த்தாமலே தன் முன்னால் இருந்த சீட்டுக் கட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். அவருடைய கோப்பையில் அன்று வெந்நீர்தான் இருந்தது. அதில் பாதி எலுமிச்சம்பழம் மிதந்தது.

வெளியே போன இரண்டாயிரத்துக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டேன். ஒரு பை நிறையச் சீட்டு, ஒரு கோந்துக் குப்பி. கடை கடையாக ஏறி இறங்கினேன். சில கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் என்னை வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்துப் பின்பக்கமாகப் போய்விட்டார். ஒரு கடையில் சின்னப் பெண் ஒருத்தி என்னோடு சேர்ந்து நாற்பது பெட்டிக்கு ஒட்டிக் கொடுத்துவிட்டு, என் பெயரைக்கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். அதுவரை கடவுள் எங்கேயோ உயரத்தில் இருக்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடை வாசல்களில் நிறையத் தட்டுப்பட்டார். எல்லாப் பெட்டியையும் பிடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஆயிரத்து முந்நூறு வரை பிடித்தேன். மிச்சம் வீடுகளுக்குப் போய்விட்டது. அந்த வீடுகளுக்காக இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு மாதத்தில் எட்டு புள்ளி ஒன்பது. அக்கா படியேறி வந்து பரிசோதனைச் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அடுத்த மாதம் பத்து புள்ளி இரண்டு. அன்று மேஜையில் நூறு கிராமை அள்ளிப் போட்டுவிட்டு, முள் நிற்கும் முன்பே அடுத்த பெட்டியை எடுத்தார்.

ஆபரேஷன் அன்று காலை நான் போனபோது, தாழ்வாரத்துப் பலகையில் அவருடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள், வெயிலில் ஒரு பக்கம் மட்டும் கறுத்த முழங்கை. ஓட்டுநர்களுக்கு அப்படித்தான். நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது! அவ சொல்லிக்கிட்டே இருப்பா. நீங்க மட்டும் அன்னைக்கு மருந்தகத்துக்குத் தொணைக்குப் போகலேன்னா கண்டுபிடிச்சிருக்கவே முடியாதாமே. நான் ஊர்ல இல்லாத நேரத்துல நீங்க இருந்தீங்க. உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

அக்கா அவரிடம் சொன்னது அவ்வளவுதான். துணைக்கு வந்ததைச் சொல்லியிருந்தார். அந்த வரியை எழுதியதைச் சொல்லவில்லை.

கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றேன். உள்ளே அக்கா மயக்கத்தில் படுத்திருக்கிறார். வெளியே அவருடைய கணவர் எனக்கு நன்றி சொல்கிறார். அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது மிகவும் சுலபம். அக்காவே அதற்கு வழி செய்து வைத்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

சொன்னேன். இந்த முறை காரணங்களைக் குறைத்துக்கொண்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் கையை விட்டார். எழுந்து தாழ்வாரத்தின் கோடி வரை நடந்தார். அங்கே ஜன்னலருகே நிறைய நேரம் நின்றார். அவர் திரும்பி வந்து என்னை அடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பி வந்து, என் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்ண்ணே."

"மூணு மாசம் அவ படி ஏற முடியாம நின்னதுக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முழங்கையைத் தேய்த்தார். "எங்கிட்ட சொல்லாம மறைச்சிருக்கா பாருங்க. என் கோவம் அவளுக்குத் தெரியும்."

ஒரு மணி நேரம் போயிருக்கும். யாரோ வாளியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்; தரை நனைந்து காய்ந்தது. நான் கண்ணை மூடினேன். அன்று எந்த இலையும் வரவில்லை. அக்கா பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை கேட்க முடிந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து சீட்டைப் பார்த்து அக்காவின் பெயரை முழுதாகப் படித்தார். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"நல்லபடியா முடிஞ்சுது. கட்டிய எடுத்தாச்சு. மயக்கம் தெளிஞ்சுக்கிட்டிருக்கு" என்றார் நர்ஸ். "ரெண்டு பேர் மட்டும் உள்ள வந்து பாக்கலாம். சத்தம் போடக் கூடாது."

வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பைக் கழற்றிப் பலகைக்கு அடியில் தள்ளினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். கதவு வரை போனவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ரெண்டு பேருன்னு சொன்னாங்கல்ல" என்றார். "எந்திரிங்க. செருப்பக் கழட்டுங்க."

கழற்றினேன்.